கால் தெரிகிற படம்

நான் தலை வாரி இழுத்து, நல்ல சீலை உடுத்து, நிமிர்ந்து இருக்கிற நேரத்தில் என் கணவர் ஒரு நாளும் என்னைப் படம் எடுத்ததில்லை. தேங்காய் திருவும்போது எடுப்பார். ஈர விறகு புகைந்து நான் கண்ணைக் கசக்கும்போது எடுப்பார். உடுப்புக் காயப்போடுகையில் வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, வேலியால் புகுந்த ஆட்டைக் கலைக்கவும் வாய் திறக்க முடியாமல் நிற்பேன். அதை எடுப்பார். தேருக்குப் போனால் தேரை எடுக்கமாட்டார், சனத்துக்குள் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு குனிந்து நிற்கிற என்னை எடுப்பார். நான் கத்துவேன். கத்துகிறதையும் எடுப்பார்.

அந்தக் கமரா எண்பத்துநாலில் ஜேர்மனியிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியது. அதற்கு முதல் அவர் நல்ல மனிதர். நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம். பகல் முழுக்க ஊராரின் காணி எல்லைகளைக் கீறிவிட்டு, பின்னேரம் சைக்கிளில் நீர்வேலிக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற எனக்குத் துணைக்கு வருகிறவர். கமரா வந்த பிறகு நான் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்க, அவர் வரம்பில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தம்பியிடம் சொல்லிக் கறுப்பு வெள்ளைப் பிலிமாகவே எடுப்பிப்பார். "கலரிலை சீலைதான் தெரியும். கறுப்பு வெள்ளையிலைதான் ஆள் தெரியும்," என்பார். சீலை தெரிந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டால் அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றுவார்.

இதையெல்லாம் ஒரு அல்பத்தில் ஒட்டி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டவும் செய்வார். கொழும்புத்துறையில் இருக்கிற அவருடைய தமக்கை ஒருமுறை வந்திருந்தா. நான் குசினிக்குள் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, அவ விறாந்தையில் அல்பம் பார்த்துக்கொண்டிருந்தா. தட்டோடு நான் வெளியே வர, மச்சாள் ஒரு படத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"எடி, உது நீயே? வீட்டு வேலைக்கு ஆரையோ வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அன்று நான் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை. கதைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த படமும் அந்த அல்பத்தில் இருந்தது.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும், அவை பின்னால் தேவைப்படும். ஒன்று, அவர் கால்களை வெட்டிவிடுவார். முகம்தான் முக்கியம் என்று சொல்லிக் கிட்டக் கிட்ட வருவார், முழங்காலுக்குக் கீழே ஒருவருக்கும் ஒன்றும் இராது. எங்கள் மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அவள் ஓடி முதலாவதாக வந்ததை எடுத்தார், அதிலும் கால் இல்லை. மற்றது, எந்தப் படத்திலும் அவர் இல்லை. கமராவை வேறொருவர் கையில் கொடுக்கமாட்டார். எங்களுக்கு ஒரே மகள். அவளும் நானும் நிற்கிற படங்கள் எத்தனையோ இருந்தன. மூன்றுபேரும் நிற்கிற படம் ஒன்றும் இல்லை.

மகள் எண்பத்தொன்பதில் கனடாவுக்குப் போனாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதன்பிறகு தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டினார்கள், கரண்ட் போனது, பிலிம், பெட்டரி, சவர்க்காரம் எல்லாம் தடையென்று நின்றுபோயின. தம்பி அனுப்பிய கடைசிப் பிலிம் றோல் ஒன்று கமராவுக்குள் கிடந்தது. அதை இவர் இரண்டு வருடமாகச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். சீனியை அப்படிச் சிக்கனமாகப் பாவித்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் ஒரு திங்கட்கிழமை மகளின் கடிதம் வந்தது. கையில் கிடைக்க மூன்று மாதம் பிந்தியிருந்தது. ஆவணியில் கலியாணம் என்று எழுதியிருந்தாள். பையன் பண்டத்தரிப்புப் பக்கம், எங்களுக்குத் தெரிந்த குடும்பம்தான், தாய் தகப்பன் இல்லை. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"தாலி கட்டினாப் பிறகு நாங்கள் ஆரின்ரை காலிலை விழுறது அம்மா? அவருக்கும் ஒருத்தரும் இல்லை, எனக்கு நீங்கள் ரெண்டுபேரும் இருந்தும் இஞ்சை இல்லை. நீங்களும் அப்பாவும் ஒண்டா இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. மேடையிலை வைச்சு விழுந்து கும்பிடப்போறம். கால் தெரியவேணும். அப்பா வழக்கம்போலை காலை வெட்டிப்போடுவார். நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்."

நான் குசினிக்குள் போய் இருந்து அழுதேன். பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்கு நாங்கள் போகமாட்டோம் என்பது கடலைத் தாண்டி அவள் போன அன்றே தெரிந்ததுதான். ஆனால் எங்களுடைய கால் கிடைத்தால் போதும் என்று அவள் எழுதுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் வந்து வாசலில் நின்றார். நல்லகாலம், அன்று கையில் கமரா இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை கிளாலிக் கடனீரேரியால் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போவதாக இருந்தா. கொழும்பில் தபாலில் போட்டால் கலியாணத்துக்கு முதல் போய்ச் சேரும். அந்த அக்காவை விட்டால் நம்பிக்கையான ஆள் எப்போது போகுமோ தெரியாது. படம் வியாழக்கிழமைக்குள் கையில் இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். இவர் கமராவின் தலையில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "மூண்டு படம் மிச்சம் கிடக்கு. காணும்," என்றார்.

போதும் என்கிற அந்தக் 'காணும்' மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. செவ்வாய்க்கிழமை காலமை நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய் ஸ்ரூடியோக்காரரைக் கேட்டேன். அவர் கையை விரித்தார். "எடுக்கப் பிலிம் இல்லை அக்கா. மருந்து கொஞ்சம் கிடக்கு. வெளியிலை போகப் பாஸ் எடுக்கிற ஆக்களுக்கும் செத்தவீட்டுக்கும்தான் கழுவிக் குடுக்கிறன். நீங்கள் எடுத்துக்கொண்டு வாங்கோ, செய்து தாறன்." ஆக, அந்த மூன்றும்தான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் கால்களைப் பார்த்தேன். அதுவரை அவற்றை நான் அப்படிப் பார்த்ததில்லை. இருபது வருடம் வாழைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்றால் குதிக்கால் என்ன ஆகும்? வலது குதிக்காலில் நெல்லுப் போட்டால் நிற்கிற அளவுக்கு வெடிப்பு. அதற்குள் செம்மண் ஏறிக் கறுத்துப்போய்க் கிடந்தது. கனடாவில் அத்தனை சனத்துக்கு முன்னால் என் பிள்ளை இந்தக் காலிலா தலையை வைப்பது? கிணற்றடிப் படியில் இருந்து, வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் போட்டு, செங்கல் துண்டொன்றால் உரஞ்சத் தொடங்கினேன். தலை அவிழ்ந்து கிடந்தது. உரஞ்சின உரஞ்சில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

டக்கென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் இவர்.

"என்ன செய்தனீங்கள்?"

"வெளிச்சம் நல்லாயிருந்தது."

"மூண்டிலை ஒண்டு போச்சு."

"ஓம். ரெண்டு கிடக்குத்தானே."

செங்கல்லை எறிந்திருப்பேன், ஆனால் மற்றக் குதிக்காலுக்கு அது தேவையாயிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முற்றத்தில் படம் என்று முடிவானது. மகள் போவதற்கு முதல் தீபாவளிக்கு எடுத்த நாவல் நிறச் சீலையை உடுத்தேன். தலை இழுத்துக் கொண்டை போட்டேன். அவர் வேட்டி கட்டிக்கொண்டு, விறாந்தையில் கிடந்த இரண்டு கதிரைகளைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார். கந்தோர்ப் புத்தி போகுமா, நூல் பிடித்து இரண்டையும் நேராக்கினார். என்னை ஒன்றில் இருத்தி, "ஒருக்கா அளவு பாப்பம்," என்று கமராவைத் தூக்கினார். தூரத்தில்தான் தொடங்கினார். பிறகு கால் தானாக முன்னுக்கு வந்தது. இரண்டு எட்டு, மூன்று எட்டு. நான் வாய் திறக்கமுதல் அமத்திவிட்டார். அமத்திய பிறகு அவருடைய முகம் வாடியது.

"காலை விட்டிட்டன் போலை கிடக்கு," என்றார் மெல்ல.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. எட்டு வருடக் கோபம் அது. பிள்ளை கேட்டது எங்களுடைய காலை மட்டும்தான், அதைக்கூட ஒழுங்காக அனுப்ப உங்களால் முடியாது என்று சொன்னேன். இன்னும் பலதும் சொன்னேன். அவர் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிட்டு அமத்தச் சொல்லுங்கோ என்றேன். அதற்கு மட்டும் வாய் திறந்தார். "அந்தாளுக்குக் கை நடுங்கும். கமராவிலை தானா எடுக்கிற ஒரு விசை கிடக்கு. இழுத்துவிட்டால் பத்துச் செக்கனிலை அதுவே எடுக்கும். நானும் வந்து இருக்கலாம்." எட்டு வருடத்தில் அந்த விசையை அவர் தொட்டதே இல்லை. படத்தில் தானும் இருக்கவேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வரவில்லையே.

உரலை உருட்டி வந்து நிமிர்த்தி, அதன்மேல் இரண்டு பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி, கமராவை வைத்தார். பன்னிரண்டு அடி அளந்தார். குனிந்து பார்த்து, "கால் நல்லாத் தெரியுது, விரல் உட்படத் தெரியுது," என்றார். நான் மடியில் கையை வைத்து, நிமிர்ந்து, உரஞ்சின இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் எதையோ இழுத்துவிட்டு ஓடி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

அப்போது எனக்கு அந்த இரைச்சல் கேட்டது.

அந்த நாளில் எங்களுடைய காது எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். கரண்ட் போய் இரண்டு வருடம். விசிறி இல்லை, கிறைண்டர் இல்லை. எண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மெசின்களும் படங்கு போர்த்துக்கொண்டு கிடந்தன. ஒழுங்கையில் சைக்கிள் மணியும் வாழையிலை கிழிபடுகிற சத்தமும்தான். கிர்ரென்று இரைகிற சாமான் எங்களுக்கு வானத்தில் மட்டும்தான் இருந்தது, குண்டு போடுகிற விமானம். அது எந்தத் தூரத்தில் வந்தாலும் எனக்குத்தான் முதலில் கேட்கும். நான் சொன்னால் அயலில் எல்லாரும் ஏனென்று கேட்காமல் பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவார்கள்.

"பொம்மர்," என்று கத்திக்கொண்டு எழும்பினேன். அவர் இருந்தபடி இருந்தார். இந்த மனிசனுக்குப் படம்தான் பெரிதாய்ப் போய்விட்டது என்று, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். "இல்லையப்பா, அது," என்று அவர் தொடங்கினார். நான் விடவில்லை. எலுமிச்சைக்குப் பக்கத்தில் பனங்குற்றி அடுக்கி மண் மூடிய பங்கருக்குள் அவரையும் தள்ளி, சீலையோடு நானும் விழுந்தேன்.

உள்ளே குந்தியிருந்து காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"அது கமராச் சத்தம்," என்றார்.

"என்ன?"

"விசை சுத்துற சத்தம். பத்துச் செக்கனும் இரையும்."

"அதை முதலே சொல்லக்கூடாதே?"

"எனக்கும் தெரியாது. நானும் இண்டைக்குத்தான் கேட்டனான்."

நாங்கள் வெளியே வந்தபோது பக்கத்து வளவில் அண்ணை தங்களுடைய பங்கருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எந்தப் பக்கம் போட்டவன்?" என்று கேட்டார். ஒழுங்கை முழுக்கப் பதுங்கியிருந்தது. முற்றத்தில் இரண்டு கதிரை, அவருடைய ஒற்றைச் செருப்பு, உரலின்மேல் வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் இருந்த கமரா. பிலிமும் முடிந்துவிட்டது. என் சீலை முழுக்கச் செம்மண். நான் படியில் இருந்து, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையில் எனக்கு அவரைத் திட்டக்கூடப் பலம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டுபேருமாக ஸ்ரூடியோவுக்குப் போனோம். ஸ்ரூடியோக்காரர் பிலிமைக் கழுவிக் காயவைத்து, வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். படம் அடிக்க அளவான தாள் ஒன்றுதான் இருக்கிறது, எதை அடிக்கட்டும் என்று கேட்டார். கிணற்றடிப் படம் என்று ஒன்று வந்துபோனது, நான் பார்க்கவில்லை. அடுத்தது முழங்காலோடு வெட்டுப்பட்ட நான். கடைசித் துண்டில் நடுவில் இரண்டு வெறுங் கதிரை. இடப்பக்க ஓரத்தில் நாங்கள். இருக்கிற ஆட்களுக்கு அளவு பார்த்து வைத்த கமரா என்றபடியால், எழும்பி ஓடின எங்களுக்குத் தலை இல்லை. எட்டு வருடமாகக் காலை வெட்டின மனிதர் இந்தமுறை தலையை வெட்டியிருந்தார். தோளுக்குக் கீழே இரண்டு முதுகு, நான் பிடித்திருந்த அவருடைய கை, பறக்கிற வேட்டி. கீழே கால்கள், நல்ல தெளிவாக. என்னுடைய வலது கால் மண்ணிலிருந்து எழும்பி, உள்ளங்கால் முழுக்கப் பின்னால் தெரிந்தது.

"முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுற படத்தைக் கலியாண மேடையிலை வைக்கிறதோ?" என்றேன்.

இவர் தன்னுடைய முதுகைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் படத்தில் தன்னைக் காண்பது அவருக்கு அதுதான் முதல் தரம். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. இருவரும் இருக்கிற படம் உலகத்தில் அது ஒன்றுதான், வேறு வழியும் இல்லை. அடியுங்கோ என்றேன். அன்று பின்னேரம் மகளுக்கு இரண்டு பக்கத்தில் நடந்ததை எழுதி, பிழை முழுக்க அப்பாவுடையது என்றும் எழுதி, படத்தோடு பக்கத்து வீட்டு அக்காவின் கையில் கொடுத்தேன்.

பிறகு ஆவணி போனது, புரட்டாதி போனது. கலியாண நாளன்று கோயிலில் ஒரு அருச்சனை செய்துவிட்டு வந்து, இருவருமாக இருந்து சாப்பிட்டோம். கார்த்திகையில்தான் பதில் வந்தது. உள்ளே ஒரு கலர்ப் படம். மணவறைக்கு முன்னால் ஒரு கதிரை, அதில் சட்டம் போட்ட எங்கள் படம். மாலை போடாமல் பூ மட்டும் தூவியிருந்தார்கள். என் பிள்ளை கூறைச்சீலையோடு குனிந்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் மருமகன். அவள் எழுதியிருந்ததை இவர்தான் சத்தமாக வாசித்தார், நான் படத்தைக் கையிலிருந்து விடவில்லை.

"அம்மா, வந்த சனமெல்லாம் முகம் எங்கை, முகம் எங்கை எண்டு கேட்டினம். நான் கால்தான் கேட்டனான், கால் வந்திருக்கு எண்டு சொன்னன். உங்கடை வலது குதிக்காலிலைதான் நெத்தியை வைச்சனான். ஆனா அது உங்கடை கால் மாதிரி இல்லை. உரஞ்சியிருக்கிறியள் என்ன? ஏனம்மா உரஞ்சினீங்கள்? அந்த வெடிப்பைத்தான் நான் தேடினனான். சின்னனிலை உங்களோடை படுக்கேக்கை அது என்ரை காலிலை கீறும், நினைவிருக்கே?"

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பிலிம் துண்டுகள் வைத்திருந்த பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒன்றைத் தேடி எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் என் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். கிணற்றடிப் படியில் நான். கையில் செங்கல். முழங்கால் மேல் தூக்கிப் போட்ட கால், குதிக்காலில் ஒரு கோடும் குறையாமல் அத்தனை வெடிப்பும். கமரா தானாக எடுத்ததை விட்டால், எட்டு வருடத்தில் அவர் எடுத்து என் கால் விழுந்த ஒரே படம்.

"ஸ்ரூடியோக்காரரிட்டைத் தாள் வந்திருக்காம்," என்றார். "இதை அனுப்புவமே?"

"தலையும் இழுக்கேல்லை," என்றேன்.

"ஓம், இழுக்கேல்லை."

நான் கடித உறை தேடப் போனேன்.